பூட்டுப் போட்ட மூடி

இன்ஜின் மறுபடி இருமியது. அப்புறம் அடங்கியே போனது. தெற்கிலிருந்து வீசிய யூகோ காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. பாறைகளில் அலை வெள்ளையாக உடைவது யெர்கோவுக்கு நன்றாகத் தெரிந்தது.

படகின் அடியில் போட்ட மெத்தையில் அவன் தங்கை நெதில்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். காற்றுக்குப் பயந்து பயணிகள் கப்பலை நிறுத்திவிட்டார்கள். நோயாளி ஏற்றும் படகு வேறு தீவுக்குப் போயிருந்தது. எதிர்க்கரை ஸாதர் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக மிச்சமிருந்தது, ஞாயிற்றுக்கிழமை கணவாய் பிடிக்கப் போகிற இந்தக் கிழட்டுப் படகுதான்.

"பெட்ரோல்ல தண்ணி. யாரோ கலந்திருக்கான்," என்றான் யெர்கோ.

"யாரோன்னா? பேரைச் சொல்லேன் மச்சான்," என்றான் நெதில்காவின் புருஷன் லுக்ஷா.

முன்பு டேங்கில் பெட்ரோல் திருட்டுப் போய்க் குறைந்துகொண்டே வந்தபோது யெர்கோ சந்தேகப்பட்டது இந்த மாப்பிள்ளையைத்தான். பக்கத்தில் படகு கட்டுகிறவன் வேறு யார்?

பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, வயரை மாட்டி, இரும்பில் ஒட்டிப் பிடித்தான். லுக்ஷா கயிற்றை இழுத்தான். நீலப் பொறி தெறித்தது. அதில் குறையில்லை. கார்புரேட்டர் அடித்திருகைத் தளர்த்தி, ஒழுகியதைக் கையில் ஏந்திப் பார்த்தான். தண்ணீர் முத்து ஒன்றுகூட உருளவில்லை.

"கலந்தவன் எங்க? கையில தேடு."

"வாயை மூடிட்டு இழு மாப்ளே."

இன்ஜின் பிடித்தது. பாறையை விட்டு விலகுகிறோம் என்று யெர்கோ மூச்சு விடுவதற்குள் மறுபடி இருமி நின்றது. அவன் அதை ஓங்கி அறைந்தான். "நாயே! இன்னிக்குத்தானா?"

நெதில்கா கையைத் தூக்கினாள். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றக் கையால் அமுக்குகிற ரப்பர் குமிழ் அவள் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அண்ணே, இது சப்பையாப் போச்சு. உறிஞ்சிப் போட்ட அத்திப்பழத் தோல் மாதிரி." மூச்சு வாங்கினாள். "எண்ணெய் டின்னுல ஒத்தை ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா? ரெண்டாவது ஓட்டை நீதானே போடுவ?"

யெர்கோ டேங்கின் மூடியைப் பார்த்தான்.

பழைய மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருந்தது. திருட்டுக்குப் பயந்து அதைக் கடாசிவிட்டு, உடைசல் கார் ஒன்றிலிருந்து பூட்டுள்ள மூடியைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான். காருக்கு மூச்சுக்குழாய் தனியாக உண்டு. இந்தப் படகுக்கு ஏது? பாதி டேங்கோடு வலைப்பக்கம் போய்வர அது தாங்கியது. இன்று விளிம்புவரை நிரப்பியதில் டேங்குக்குள் காற்றே இல்லை; பெட்ரோல் இறங்க மறுத்தது.

"திற மூடியை," என்றான் லுக்ஷா.

"சாவி வீட்டுல. நிக்கோலா புனிதர் படத்துக்குப் பின்னால."

"எனக்குப் பயந்தா பூட்டுன?"

"ஆமா."

லுக்ஷா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். "கடல்ல போறவனைக் காப்பாத்துற புனிதரை உன் சாவிக்குக் காவல் வச்சிருக்க. சுத்தியல் எங்க?"

பொறி பறந்தால் மூன்று பேரும் சாம்பல். யெர்கோ ஈரத்துணியைப் போர்த்தி அடித்தான். அடி விரலில் விழுந்தது. பாறையில் உடைந்த அலையின் தூறல் பிடரியில் விழுந்தது. திரும்பவும் அடித்தான். மூடி பிளந்தது. டேங்க் உஸ்ஸென்று காற்றை இழுத்தது.

லுக்ஷா குமிழை அமுக்கினான். அது உப்பிக் கெட்டியானது. கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடித்தது. யெர்கோ படகைத் திருப்பினான்.

ஆனால் டேங்க் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு அலை உள்ளே விழுந்தால் போதும், கதை முடிந்தது. துணி வைத்தால் நனைந்து உப்புத்தண்ணீரைச் சொட்டியது. லுக்ஷா குப்புற விழுந்து உள்ளங்கையால் பொத்தினான். அலை தாண்டியதும் எடுத்தான், அடுத்தது வந்ததும் பொத்தினான். உடைந்த தகரம் கையைக் கிழித்தது.

"அவளைக் கூப்பிடு!" என்று கத்தினான். "நான் நகர முடியாது. பேச்சையே காணோம், கூப்பிடு!"

"நெதில்கா!"

துறைமுகச் சுவர் இன்னும் தூரத்தில் இருந்தது.

"ஏ நெதில்கா! ஏய்!" யெர்கோ அவள் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"காது கேக்குது," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "நீ வழியைப் பாரு."