கையை விடாதவன்

“தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லையோ?” என்று பேர்பெச்சுவா கேட்டாள்.

“உமக்குச் சீனி கூடிப்போச்செண்டு டொக்டர் சொன்னவரெல்லே.”

“டொக்டர் ஸ்டுட்கார்ட்டிலை. இஞ்சை ஆர் பாக்கிறது?” முகத்தைச் சுளித்தபடியே குடித்து முடித்தாள். பிளாஸ்க் மூடியை ஏரித் தண்ணீரில் அலசி என்னிடம் நீட்டினாள். “துடுப்பை மெல்ல வலியுங்கோ. நீங்கள் போற வேகத்துக்கு மீன் டாக்சி பிடிச்செல்லோ வரவேணும்.”

நாங்கள் சாதாரணமாகப் பேசியது அதுதான் கடைசி. ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி.

என் மனைவி மன்னாரில் பேசாலைக்காரி. தகப்பனுக்கு வள்ளம் இருந்தது. இங்கே ஜெர்மனியில் வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்துகொண்டு, ஐம்பது வயதுக்குப் பிறகு மீன்பிடிப் பரீட்சையை ஜெர்மன் மொழியில் எழுதி, இரண்டாம் தடவையில் சித்தியடைந்தாள். நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில் வளர்ந்தவன். எனக்கு நீந்தத் தெரியாது. அவள் தூண்டில் பிடிப்பாள், நான் துடுப்பு வலிப்பேன். பவேரியாவின் மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஏரியில் எஞ்சினுக்கு அனுமதியில்லை. படகுக்குப் பின்னால் தங்கூசி நூலில் இழுபடும் பித்தளைத் தகடு சிறுமீனைப் போல் நெளிவதும், செத்த தகரமாய் வருவதும் துடுப்புக்காரனின் கையில் இருந்தது.

ஆழத்தில் கிடக்கும் சிவப்பு வயிற்றுச் சைப்லிங் மீனை அவள் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது சேஃபொரெல்லெ. வெள்ளி உடம்பில் கரும்புள்ளிகள் உள்ள அந்த மீன், பெரிய ஏரிகளில் பத்துக் கிலோவைத் தாண்டியும் வளரும். ஏப்ரலில் மேல்தண்ணீருக்கு ஏறி, கரையோரச் சரிவில் இரை தேடும். எட்டு ஏப்ரல் மாதங்கள் போனோம். ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

படகில் ஏறும்போதே படகுக்காரர் இரண்டு மிதவை அங்கிகள் தந்திருந்தார். நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டேன். அவள் தன்னுடையதை மடித்துப் பலகையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“கடலிலை பிறந்தவளுக்குக் குளத்திலை மிதவையோ?” என்றாள். உப்பில்லாத தண்ணீர் எல்லாமே அவளுக்குக் குளம்தான். நானும் சிரித்தேன்.

ஒன்பது மணியளவில் தடி வளைந்தது. றீல் கத்திக்கொண்டே சுற்றியது. கால்மணி நேரம் அவள் தங்கூசியை விட்டும் இழுத்தும் விளையாட்டுக் காட்டினாள். பிறகு மீன் மேலே வந்து ஒருமுறை புரண்டது. என் கைநீளம் இருக்கும்.

“மாதாவே” என்று எழுந்து நின்றாள். தகப்பனுடைய வள்ளத்தில் மீன் வரும்போது ஒருவரும் உட்கார்ந்திருப்பதில்லை. மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. அவள் அதோடு சாய்ந்தாள். நான் கைவலையைத் தூக்கிக்கொண்டு அதே பக்கத்துக்குப் போனேன். படகு சரிந்தது. அவள் வெளியே விழுந்தாள், நான் உள்ளே விழுந்தேன்.

மேலே வந்தபோது, பனி உருகி வந்த தண்ணீரின் குளிரில் அவளுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தேன். இழுத்தேன். படகின் விளிம்பு தண்ணீர்மட்டம்வரை இறங்கியது. இன்னொருமுறை இழுத்தேன். தண்ணீர் உள்ளே வந்தது. என் தொலைபேசி முன்பக்கம் பையில் இருந்தது, ஐந்தடி தூரத்தில். நான் கத்தினேன். கரையோர வீதியில் ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு ஒழுங்குக்கு வந்தது.

“இஞ்சேருங்கோ, என்னை விடுங்கோ. நான் பின்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு வாறன். நீங்கள் கரைக்கு வலியுங்கோ.”

“ஏலாது.”

“வள்ளத்திலை இருந்து விழுந்தவையை அப்பா இப்பிடித்தான் கொண்டு வாறவர். என்ரை கை இன்னும் பிடிக்கும். இப்பவே விடுங்கோ.”

“நான் விட்டா நீர் தண்ணிக்குள்ளை தாண்டுபோவீர்.”

“நீந்தத் தெரியாத ஆள் எனக்குப் பாடம் எடுக்கிறார்” என்றாள். பல் கிடுகிடுத்தது. “அல்பேர்ட், விடுங்கோ.”

என் பெயரை அவள் சொல்வதில்லை. அப்போதும் நான் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். அவள் இரண்டு மூன்று தடவை அதையே சொன்னாள். பிறகு என்னோடு கதைப்பதை விட்டுவிட்டுக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அவள் சொன்னது எனக்கு விளங்கியது என்று தெரியாது. “சரி, பிடியும்” என்று அவளைப் படகின் பின்பக்கத்துக்கு நகர்த்தி, விரல்களை விளிம்பில் வைத்தேன். விறைத்துப்போன அவை மூடவில்லை. ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன். வழுக்கி இறங்கின. அதற்குப் பிறகு கையை விடுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

“மீன் போயிட்டுதோ?” என்று ஒருமுறை கேட்டாள். நாக்குக் குழறியது.

“போயிட்டுது.”

அதன்பின் அவள் பேசவில்லை.

சைக்கிளில் போன ஒருவர் கண்டு தொலைபேசி எடுத்தாராம். மீட்புப் படகு பத்து மணிக்குச் சற்று முன் வந்தது. என் விரல்களை அவர்கள்தான் பிரித்தெடுத்தார்கள். வைத்தியசாலையில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடக்கப் பூசையில் சுவாமியார், “கடைசிமட்டும் கையை விடாத கணவர்” என்றார். மண்டபத்தில் சோறு பரிமாறியவர்களும் அதையே சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் எங்கள் மகள் தேனுஜா அதை அச்சடித்தும்விட்டாள். முன்பின் தெரியாதவர்களும் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். நான் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்த முப்பத்தோராம் நாள் பின்னேரம் சமையலறையில் தேனுஜா தனியாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டுமாவது சொல்லவேண்டும் என்று போனேன்.

“அம்மா என்னை விடச் சொன்னவ” என்றேன்.

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“தெரியும் அப்பா. உங்களைக் காப்பாத்தத்தான் சொல்லியிருப்பா. அப்பவும் நீங்கள் விடேல்லை. எனக்கு அது போதும்.”

அவள் அழுது முடியும்வரை காத்திருந்தேன்.

“ஓம், பிள்ளை” என்றேன்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. தேனுஜா அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, நானும் சொல்லவில்லை. பொலிஸ் அறிக்கை அலுமாரியில் இருக்கிறது. படகு நின்ற இடத்திலிருந்து கரை நூற்று அறுபது மீற்றர் என்று அதில் எழுதியிருக்கிறது.