ஒன்பதாம் எண் புழுவின் நடுப்பல்

உலகத்தில் யாருமே பார்க்காத ஒரு புழுவைத் தான் பார்த்துவிட்டதாக பானுப்பிரியா நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆவணி மாசம். விருதுநகரில் ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது, அப்படியொரு பூச்சி உண்டு. அதன் புழு செண்பகத்தோப்புக்கு மேலே, மலை ஓடையின் குளிர்ந்த தண்ணீரில், கல்லுக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறது. அவள் வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டி, அந்தக் குடித்தனத்தைக் கலைத்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக்கொண்டு வருவாள். மூன்று வருஷமாக இதே பிழைப்பு.

எல்லாப் புழுவும் பார்வைக்கு ஒரே சாயல்தான், அறுந்த நூல் மாதிரி. இனம் பிரிக்கவேண்டுமென்றால் பல்லைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். கசகசாவில் பாதி இருக்கும் தலையைத் தனியே வெட்டி, காரக் கரைசலில் வேகவைத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், முகவாயில் ஒரு பழுப்புத் தகடு தெரியும். அதன் விளிம்பில் வரிசையாகப் பற்கள். மொத்தம் எத்தனை, நடுவில் இருப்பது ஒற்றையா இரட்டையா என்பதை வைத்துத்தான் இன்ன புழு என்று சொல்லமுடியும்.

இப்படிப் பிரித்துப் பன்னிரண்டு வகைக்கு எண் போட்டிருந்தாள். அதில் ஒன்பதாம் எண் புழுவுக்கு நடுப்பல்லே இல்லை. இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டாள், அப்படியொரு புழு எதிலும் இல்லை. அவளுடைய கைடு நல்லசிவம் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்து, "புதுசுதாம்மா போலருக்கு. பேரு யோசிச்சு வை" என்றார்.

அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா குருவம்மாள் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் சரம் பின்னிப் பின்னியே மகளை இவ்வளவு தூரம் படிக்கவைத்தவள். புழுவுக்கு அவள் பேர்தான். வீட்டில் சொன்ன மறுநாளே விஷயம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. "லத்தீன்ல எம்பேரு வரப்போகுது" என்று சொல்லிக்கொண்டேதான் குருவம்மாள் கம்பெனி வேனில் ஏறினாள். லத்தீன் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களிடம், "வெளிநாட்டுல" என்றாள்.

ஆய்வேட்டுக்கு இந்தப் பன்னிரண்டு தலைகளின் படங்களைக் கலரில் அச்சடிக்க வேண்டியிருந்தது. திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் சி.டி.யைக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே படங்களைச் சரிபார்க்கும் பாலகுரு அவள் தெருக்காரர். இருபது வருஷமாக முருகன் முகத்திலும் லட்சுமி முகத்திலும் ஒரு மாசுமரு வராமல் காத்துவருகிறவர். முன்பு பிரஷ்ஷால் செய்ததை இப்போது மவுஸால் செய்கிறார். அவர் கைக்கு வந்த முகம் எதுவும் குறையோடு வெளியே போனதில்லை என்று பெயர். அந்தப் பெயர்தான் வினையாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை புரூப் பார்க்கப் போன பானுப்பிரியாவுக்கு மயக்கம் வராத குறை. பன்னிரண்டு புழுவும் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் தலைக்குப் பின்னாலும் இளநீல வெளிச்சம் வீசிக்கொண்டிருந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக?"

"நல்லாருக்குல்ல?" என்றார் பாலகுரு. "ஒளி தூக்கலாத் தெரிஞ்சா சொல்லு, கொறைச்சிருவோம்."

"தலையில இருந்த மயிரெல்லாம் எங்க?"

"அசிங்கமா நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. எடுத்துட்டேன்."

"ஒம்பதாம் நம்பருக்குப் பல்லு எப்படி வந்துச்சு?"

"நான்தான் வச்சேன். பாவம், பொக்கவாயா இருந்துச்சு."

"அது பொக்கவாயாத்தான் இருக்கணும்! அதுக்காகத்தான் எங்க அம்மா பேரையே வைக்கிறேன்!"

பிரஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த மிஷினைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பாலகுரு பொறுமையாகக் கேட்டார். பிறகு பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கினார். "கோவிச்சுக்கிராத. இது பல்லு இல்லாத தகடு இல்ல, பல்லு தேஞ்ச தகடு."

"மூணு வருசமா இதப் பாக்குறவ நானு. நீங்க முருகனுக்குப் பவுடர் போடுறவரு."

"அதனாலதான் சொல்றேன். பொறப்பே இப்படின்னா எடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்ணுபோல இருக்கும். இங்கன பாரு, ஒரு பக்கமாச் சாஞ்சு தேஞ்சிருக்கு. இன்னொண்ணு, நான் வச்ச பல்லு ஆறாம் நம்பர் புழுவோடது. யாரோட மூக்கை யாருக்கு வச்சாலும் கொஞ்சம் இழுக்கணும், நசுக்கணும். இது ஒரு புள்ளிகூட நகத்தாம அப்படியே உக்காந்துருச்சு."

பானுப்பிரியா புரூப்பை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள். ஆறையும் ஒன்பதையும் மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பக்கப்பற்கள் அதேதான். மயிர் முளைத்த இடமும் அதேதான். ஒன்பதாம் எண்ணில் கிடைத்தவை மொத்தமே இரண்டு புழுக்கள். இரண்டும் மணல் அடித்துக்கொண்டு வரும் ஒரே மடையில், ஒரே கல்லுக்கு அடியில் இருந்தவை. பாறையைச் சுரண்டித் தின்று தின்று நடுப்பல் தேய்ந்து போயிருக்கிறது. மூன்று வருஷமாகப் பல்லை எண்ணியவள் தேய்மானத்தை நினைத்தே பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பும் வந்தது. கைடே ஒப்புக்கொண்டுவிட்டார். பாலகுருவிடம் ஒரு வார்த்தை சொன்னால் வைத்த பல்லைப் பிடுங்கிவிடுவார். கல்லூரி வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில் பிரஸ்ஸைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எல்லாத்தையும் சி.டி.யில இருந்த மாதிரியே ஆக்கிருங்க."

"சரிம்மா. அப்ப ஒம்பது?"

அம்மா வேனில் ஏறும் காட்சி கண்ணுக்குள் வந்தது. இன்னொரு ரூபாய் போடச் சொல்லி போன் கத்தியது. போட்டாள். "அதுவும் இருந்த மாதிரியே இருக்கட்டும். ஆனா ஆறுக்குப் பக்கத்துல வச்சிருங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டில் குருவம்மாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். பானுப்பிரியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கொட்டி முடிக்கும்போது அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"அப்ப அது புதுப் புழு இல்லையா?"

"இல்லம்மா. ஏற்கெனவே பேரு வச்ச புழுதான். கல்லைச் சுரண்டியே பல்லு தேஞ்சு போச்சு."

குருவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மகளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டி, எம்பேரு வைக்கிறதுக்கு ஒனக்குப் பல்லுப்போன கெளட்டுப் புழுதான் கெடைச்சுதா?"

பானுப்பிரியாவுக்கு அழுகை பாதியில் நின்றது.

"அம்புட்டுப் பேருட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு எவளாச்சும் படத்தைப் பாத்தா என்னைய என்ன நெனைப்பா?" என்று குருவம்மாளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ஞாயித்துக்கெழமை கம்பெனி லீவு. நானும் ஓடைக்கு வாரேன். நீ பல்லை எண்ணு, நான் கல்லைப் புரட்டுறேன்."