மேல் வரிசையில் நாலு படம்

"அப்பவே அது இருந்திருக்குமாடி?" என்று அக்கா ஒருநாள் தங்கையைக் கேட்டாள்.

முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்த நேரம். சுவரைப் பார்த்தபடி, இரண்டு இருமலுக்கு நடுவில் கேட்டாள். நுரையீரலில் தொடங்கிய புற்று முதுகெலும்புவரை வந்துவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் கைவிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"இருந்திருந்தா எனக்குத் தெரியாதாக்கா? நான்தானே எடுத்தேன்," என்றாள் தங்கை.

ஒன்றரை வருடத்துக்கு முன் வயிற்றுவலி என்று வந்த அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தவள் அவள்தான். பித்தப்பையில் கல். கல்லை எடுத்தார்கள், வலி போயிற்று, வீடே நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் வயிற்றைப் படம் எடுக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதியும் கொஞ்சம் சேர்ந்து விழும். ஃபிலிமில் அது மேல் வரிசை, நாலு படம். வயிறு என்றால் ஒரே ஃபிலிமில் முடிப்பது அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் வழக்கம். கல் பெரிதாகத் தெரியட்டும் என்று அந்த வரிசையை அவள் நீக்கிவிட்டாள். சொந்த அக்காவாயிற்றே என்ற கூடுதல் அக்கறை. டாக்டர் ஃபிலிமை மட்டும்தான் பார்த்தார். எல்லாப் படமும் பதிவான டிஸ்க்கில் இருக்கும் அந்த நாலு படத்தை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. அக்கா கேட்டதிலிருந்து அதைப் போட்டுப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இல்லை, இல்லை என்று சொல்லியே ஆறு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

அப்போதுதான் இந்தப் பயிற்சி வந்தது. ஸ்கேன் படங்களை அடுக்கி, உடம்பை முழு உருவமாக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மென்பொருள். சென்டரிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். படம் எடுப்பவள் என்று அவளை. கம்ப்யூட்டர் முதல் கதவுப் பூட்டு வரை எது மக்கர் பண்ணினாலும் சரிசெய்பவர் என்று அக்காவின் கணவரை. இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். பழைய படம் ஒன்றைப் பெயர் நீக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"என்ன படக்காரி, எதைக் கொண்டாந்த?"

"முழங்கால் அத்தான்."

"அந்த மனுஷன் முழங்கால் எங்கயும் ஓடிடாது. அப்புறம் பாக்கலாம்." அவர் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். "உங்க அக்காவோடது. பேரை எடுத்துட்டேன்."

"இது எதுக்கு அத்தான்?"

"தினமும் அதையே கேக்குறா. இல்லன்னு நீ சொல்ற, நானும் சொல்றேன். கண்ணால பாத்துட்டு வந்து சொன்னா நம்புவா. அந்த ஒரு ஆறுதலாவது அவளுக்கு மிஞ்சட்டும்."

பயிற்சி நடத்திய பெண் காலையிலிருந்து உற்சாகமாகவே இருந்தாள். "வயித்தெரிச்சலைத் தவிர வயித்துல இருக்குற எல்லாத்தையும் இது காட்டிடும்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று தங்கை நினைத்தாள்.

"நான் பண்றேன்," என்று மவுஸை அவள் எடுத்துக்கொண்டாள். படங்கள் ஏறின. கல்லீரலுக்கு மேலே இருந்ததை அவசரமாக ஒரு கட்டம் போட்டு மறைத்தாள். அதற்குக் கீழே அக்காவின் வயிறு செம்பழுப்பாக எழுந்து மெல்லச் சுழன்றது.

"இதோ கல்லு."

"இம்மாத்தூண்டுக்கா அந்த ஆட்டம் ஆடினா?" அத்தான் திரைக்கு அருகே குனிந்தார். "சரி, மேல போ."

"மேல ஒண்ணும் இல்ல அத்தான். வெறும் காத்து."

"யாருங்க இது, மேல்பக்கத்தை மறைச்சு வச்சிருக்கறது?" பயிற்சிப் பெண் பின்னால் வந்து நின்றிருந்தாள். தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினாள். கட்டம் மறைந்தது. இன்னொரு தட்டு, நுரையீரலுக்கான வெளிச்சம் வந்தது.

கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. மிளகு அளவு.

"ரத்தக்குழாயா இருக்கும்," என்றாள் தங்கை.

குழாய் என்றால் அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து போகும், தொடராமல் தனியே நின்றால் சந்தேகப்படுங்கள் என்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அத்தான் அவள் கைக்கு அடியிலிருந்து மவுஸை உருவிக்கொண்டார். சக்கரத்தை மேலே உருட்டினார், கீழே உருட்டினார். சுற்றியிருந்த புள்ளிகள் நகர்ந்து கிளை பிரிந்து ஓடின. அது மட்டும் இரண்டு படத்தில் நின்றது, பிறகு இல்லை. மறுபடியும் உருட்டினார். மூன்றாவது முறையும்.

பயிற்சிப் பெண் அதன் குறுக்கே கோடு இழுத்தாள். "ஏழு மில்லிமீட்டர். நல்ல கேஸுங்க. இந்த அளவுலயே பிடிச்சுட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம். பேஷண்ட் இப்ப எப்படி இருக்காங்க?"

பதிலுக்குக் காத்திராமல் மற்றவர்களைக் கைதட்டி அழைத்தாள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

அந்த ஃபிலிமை எத்தனையோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அத்தான். அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார். "ஃபிலிம்ல இது இல்லையே."

"மேல் வரிசையை நான் எடுத்துட்டேன் அத்தான். கல்லு பெருசா தெரியட்டும்னு."

"அப்புறம் இதைப் பாத்தியா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் அந்தப் புள்ளியைச் செல்போனில் படம் பிடித்தார். இன்னொருவர், கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க என்றார். பயிற்சிப் பெண் திருப்பினாள். அக்காவின் விலா எலும்புகள் திரை முழுக்கச் சுற்றி வந்தன.

"அக்காகிட்ட நானே சொல்லிடறேன் அத்தான்," என்றாள். சொன்ன பிறகுதான், அப்படிச் சொல்ல தன்னால் முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது.

அத்தான் எழுந்தார். நாற்காலியை மேசைக்கடியில் சத்தமில்லாமல் தள்ளினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. கதவருகே ஒரு நொடி நின்றார். ஏதாவது சொல்வாரென்று அவள் பாதி எழுந்தாள். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

அவர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.