நாற்பத்தோராம் புகார்

எங்கள் ஊர் அலுவலகத்தில் இரண்டே வாரத்தில் நாற்பது புகார்கள் தீர்ந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்ற புகாரைக் காலை பதினோரு மணிக்கு நேரில் போய் ஆய்வு செய்தார்கள். தெருவில் இருட்டு எதுவும் காணப்படவில்லை. நாய்த் தொல்லை என்ற புகாரில், சம்பந்தப்பட்ட நாய் கொடுக்கப்பட்ட முகவரியில் இல்லை. சாலையில் பள்ளம் என்று எழுதியிருந்தவருக்கு, அது பள்ளமல்ல, இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பகுதி என்று பதில் போனது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, அதே பகுதியில் வண்டியை இறக்கி ஏற்றி வீட்டுக்குப் போனார்.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் வியாழக்கிழமை. அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து, 'புகார் இல்லாத ஊர்' என்ற விருதுக்கு எங்கள் ஊர் தகுதியா என்று பார்க்கப்போகிறது. கேடயம் மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது. ஊராட்சித் தலைவரின் ஏற்புரையும் தயார். "இந்த விருதை நான் தேடிப் போகவில்லை" என்று தொடங்கும் அந்த உரை, விருதுக்கான விண்ணப்பத்தோடு ஒரே நாளில் தட்டச்சானது.

திங்கட்கிழமை நாற்பத்தோராவது புகார் வந்தது.

கொண்டுவந்தவள் ஐம்பது வயதுப் பெண். இடது முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். புதிதாக வைத்த இயந்திரத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு, வேறு யாருமே இல்லாத கூடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, தன் எண் வந்ததும் எழுந்து தாளைக் கொடுத்தாள். எழுத்தராக இருக்கும் பெண் அதைப் படித்தாள்.

"எங்கள் தெருவுக்குக் காலை ஒன்பது முதல் பத்து வரை தண்ணீர் என்று பலகையில் உள்ளது. ஒன்பது ஐம்பதுக்கே மூடப்படுகிறது. மேட்டில் உள்ள கடைசி மூன்று வீடுகளுக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தண்ணீர் ஏறும். ஆகவே எங்களுக்கு ஏறுவதே இல்லை. மூடுபவர் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அவருக்கு நான்தான் சமைத்துப் போடுகிறேன்."

எழுத்தர் தலையைத் தூக்கினாள். "அக்கா, இது அண்ணன் மேலயா?"

"தண்ணி திறந்துவிடறவர் மேல. அவர் உங்களுக்கு அண்ணனா இருந்தா அது உங்க குடும்ப விஷயம்."

புகார் எதுவானாலும் சம்பந்தப்பட்ட பணியாளரின் அறிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் அன்று மாலையே அந்தத் தாள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவரின் கைக்குப் போனது.

அவரைப் பற்றி ஊரில் ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. ஏழு தெரு, ஒரு டேங்க், வால்வு திருப்ப ஆளுயர இரும்புச் சாவி ஒன்று. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மணி நேரம். கையில் கடிகாரம் கட்டியிருப்பார், அதை நம்பாமல் சட்டைப்பையில் இன்னொன்று வைத்திருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் தெருவுக்கும் ஒரு நிமிஷம்கூடக் குறைத்ததில்லை. தன் தெருவைத் தவிர.

வீட்டில் அவள் ஒரு முக்காலியில் காலை நீட்டி வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை நீட்டினார்.

"என்ன இது?"

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. வீட்டுல சொன்னா நம்பர் தர மாட்டேங்கறீங்க. அங்க நம்பர் தந்தாங்க. உட்கார நாற்காலி தந்தாங்க. மேல ஃபேன் வேற."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய நாள். தோள்பட்டை இரண்டும் யாரோ கழற்றி மாற்றி மாட்டியதுபோல் வலித்தன.

"நம்ம தெருவுக்கு முழுசா விட்டா, 'தன் வீடுன்னா மட்டும் பார்த்துப் பார்த்து விடறான்'னு பேசுவாங்க."

"யாரு பேசுனா?"

"பேசுவாங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல யாராவது ஒருத்தர்?"

"நான் முன்னாடியே மூடிடறேன். அதனாலதான் பேசலை."

அவள் மடித்த துணியைத் தட்டி வைத்தாள். "அந்த நல்ல பேரு ரெண்டு குடம் கனம் இருக்குங்க. தினமும் கீழ்முனைக் குழாயிலேர்ந்து நான்தான் தூக்கிட்டு வர்றேன். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னும் ஆறு மாசம் இப்படித் தூக்கினா முழங்கால் மூட்டையே மாத்தணுமாம்."

"நான் தூக்கறேனே."

"அந்த நேரத்துல நீங்க அடுத்த தெருவுக்குத் திறந்துக்கிட்டு இருப்பீங்க. அங்க பத்து நிமிஷம் முன்னாடியே வருதாம். உங்களை அப்படிப் புகழறாங்க."

அறிக்கைக்கான படிவத்தில் பன்னிரண்டு வரி இடம் விட்டிருந்தது. அவர் இரண்டே சொல் எழுதினார்: புகார் உண்மை.

மறுநாள் அந்தப் படிவத்தைப் பார்த்த எழுத்தர் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே, இந்த ஆபீஸ்ல இப்படி ஒரு வார்த்தையை யாரும் எழுதினதே இல்லை. இதை எந்த பைல்ல வைக்கறதுன்னே தெரியலை."

தலைவர் அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் ஏற்புரை இருந்தது. மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"ஏம்ப்பா, பத்தாயிரம் ஜனத்தை நான் சமாளிக்கறேன். ஒரே ஒரு பொண்டாட்டி, உன்னால சமாளிக்க முடியலையா? ஏதாவது வாங்கிக் குடுக்கறது."

"கேட்டுட்டேங்க. தண்ணிதான் வேணுமாம்."

"அது எங்க போகப்போகுது."

"நாளையிலேர்ந்து பத்து வரைக்கும் விட்டுடறேங்க. அதோட தீர்ந்துடும்."

தலைவர் பதறிப்போனார். "தலையில கல்லைப் போடாதே. சரி பண்ணினா தப்பு இருந்துச்சுன்னு ஆகும். தப்பு இருந்தா விசாரணை. விசாரணைக்கு மூணு மாசம். வியாழக்கிழமை வரைக்கும் இந்த ஊர்ல யாரும் எதையும் சரி பண்ணக் கூடாது. புரியுதா?"

வழியை எழுத்தர்தான் கண்டுபிடித்தாள். பழைய விதிப் புத்தகம், நாற்பதாம் பக்கம், அடியில் பொடி எழுத்து: பணியாளரின் குடும்பத்தினர் பொதுமக்கள் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். பொதுமக்கள் இல்லை என்றால் அவர்கள் கொடுத்தது பொதுமக்கள் புகாரும் இல்லை. தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். ஒரு சட்டத்தின் அழகில் அவர் சொக்கிப்போய் நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கடிதம் தயாரானது. ஊருக்குள் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் தண்ணீர்க்காரரின் வேலைதான். ஆகவே புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, தன் தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் மேடேறித் தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கதவு திறந்துதானே இருக்கு. ஏன் தட்டறீங்க?"

"ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்."

அவள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள்.

"நான் பொதுமக்கள் இல்லையாம்."

அவர் பேனாவை நீட்டினார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும். முத்திரை போட்டு இன்னைக்குத்தான் வந்திருக்கு." அவள் கையெழுத்துப் போட்டாள். கோபமாகப் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அரிசி வாங்கிய ரசீதில் போடுவதுபோல் போட்டாள். பிறகு இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு, சரிவில் பக்கவாட்டாக ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினாள். முன்பக்கமாக இறங்க முழங்கால் விடுவதில்லை. அவள் அப்படி இறங்குவதை அவர் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்ததில்லை.

வால்வுக் குழி கீழ்முனையில், தெருக்குழாய்க்கு எதிரே. ஒன்பது ஐம்பதுக்கு அவர் சாவியைக் குழிக்குள் இறக்கினார். நாலடி தள்ளி அவள் முதல் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் சாவியைப் பிடித்தபடி நின்றார். ஒன்பது ஐம்பத்தொன்று ஆனது. சட்டைப்பைக் கடிகாரத்திலும் அப்படித்தான் காட்டியது. சாவியை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

அவள் குழாயை நிறுத்தினாள். "மூடலையா?"

"மணி பத்தாகலையே."

"எதையும் சரி பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்களாமே. எழுத்துக்காரப் பொண்ணு சொல்லுச்சு."

"சொன்னாங்க. நீ வீட்டுக்குப் போ, அங்க ஏறிக்கிட்டு இருக்கும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் பத்துக்குத்தான்."

அவள் நிறைந்த குடத்தைச் சாக்கடையோரம் இருந்த செடியில் கவிழ்த்துவிட்டு, இரண்டு வெறுங்குடத்தோடு மேடேறினாள்.

அடுத்த தெருவின் ஓய்வுபெற்ற வாத்தியார் வாளியோடு வந்து நின்றார். "என்னய்யா, எங்களுக்கு இன்னும் வரலை. இந்த நேரத்துக்கு வந்துடுமே. எங்க போகுது?"

"என் தெருவுக்குங்க."

"உன் வீட்டுக்கா?"

இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்து சாவியைத் திருப்பினாரோ, அந்தக் கேள்வி வாளியோடு எதிரில் நின்றது.

"ஆமாங்க. என் வீட்டுக்கும்தான்."

வாத்தியார் யோசித்தார். "பத்துக்கு வந்துடும்ல?"

"வந்துடும்."

"சரி." வாளியை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். தண்ணீர்க்காரர் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் சொல்ல ஒரு பதில் யோசித்து வைத்திருந்தார், வருஷக்கணக்கில்.

மேட்டில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் துணி தைக்கிறவள் தெருவுக்கு ஓடிவந்து, கையைக் குவித்துக் கீழே பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, குழாய்ல ஏதோ கோளாறு போலிருக்கு. தண்ணி வருது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா. பிடிச்சுக்கோ."