வைன்பர்க் வீட்டுச் சனிக்கிழமை

ஸ்டான்லி வைன்பர்க், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் நகரில் வாழ்ந்த பொறியாளர். மருந்துத் தொழிற்சாலை இயந்திரங்களைச் சீர்செய்வது அவருடைய தொழில். வீட்டிலும் தளர்ந்த திருகாணி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதை முறுக்கிய பின்னரே மறுவேலை பார்ப்பார். காலையில் பாலில்லாக் காப்பி, சனிக்கிழமைதோறும் புல்வெட்டும் இயந்திரம். யூதராகப் பிறந்தவரேயாயினும், வழிபாட்டுக் கூடத்திற்கு ஆண்டில் ஒருமுறை சென்றாலே பெரிது.

அவருடைய ஒரே மகள் நவோமி, கல்லூரிப் படிப்பை முடித்து 2006ஆம் ஆண்டு வீடு திரும்பியபோது, கடுமையான ஆசாரத்தை மேற்கொண்டவளாய்த் திரும்பினாள். தனக்கெனத் தனிப் பாத்திரங்கள் வாங்கிக்கொண்டாள். யூதர்களின் ஓய்வு நாளான வெள்ளி மாலை முதல் சனி இருட்டும் வரை நெருப்பு மூட்டுவதில்லை. விளக்கு எரியச் செய்வதும் அவளுக்கு நெருப்பு மூட்டுவதே. அந்நாள்களை அருகிலிருந்த ஹைலண்ட் பார்க் ஊரில் ஒரு தோழியின் வீட்டில் கழித்துவந்தாள். தாய் ஜூடித் கெஞ்சியதன்பேரில், செப்டம்பர் இறுதியில் முதன்முறையாக வீட்டிலேயே தங்கினாள். இது ஒத்துவராவிடில் தோழியின் வீட்டுக்கே குடிபோய்விடுவதாகவும் சொல்லியிருந்தாள். ஜூடித்தின் அச்சமெல்லாம் அதுதான்.

பிரிட்ஜைத் திறந்தால் உள்விளக்கு எரியுமல்லவா? ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே நவோமி அந்தப் பல்பைத் தளர்த்தி வைத்தாள். சமைத்ததையெல்லாம் உள்ளே வைத்தாள். பெற்றோரிடம் இதைச் சொல்ல மறந்தாள்.

மறுநாள் காலை அவள் பிரிட்ஜின் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டியபோது, வைன்பர்க் காப்பியை உறிஞ்சியபடியே, உள்ளே பல்பு தளர்ந்திருந்ததாகவும் நேற்றிரவு தாமே முறுக்கிவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். நீண்ட கை கீழே இறங்கியது.

விஷயம் விளங்கியதும் அவர் முகம் வெளிறிற்று. தவறு தம்முடையது என்றும், தாமே திறந்து எடுத்துத் தருவதாகவும் சொல்லி எழுந்தார்.

"வேண்டாம்ப்பா," என்றாள் நவோமி. "நீங்களும் யூதர்தானே. எனக்காக நீங்க இந்த நாளை மீறக்கூடாது."

குரலில் கண்டிப்பு இல்லை. பெரிய பதவியிலிருக்கும் ஒருவருக்கு அவருடைய பதவியை நினைவூட்டுவது போலிருந்தது. அவரை யூதர் என்று யாரும் அழைத்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

ஜூடித் காத்திருக்கவில்லை. யூதரல்லாத ஒருவர் திறந்தால் குற்றமில்லை என்று எங்கோ கேட்ட நினைவில், அடுத்த வீட்டுக் கலாவதியைக் கையோடு அழைத்து வந்தாள். கோயம்புத்தூர்க்காரியான கலாவதி பிரிட்ஜை நெருங்குமுன் நவோமி புன்னகைத்தாள்.

"எனக்காகத் திறக்காதீங்க ஆன்ட்டி. மத்தவங்களை எனக்காகச் செய்யவைக்கிறதும் தப்புதான். ரொட்டி இருக்கு, வாழைப்பழம் இருக்கு. போதும்."

கலாவதி சிரித்துவிட்டாள். "இன்னிக்கு எனக்கும் விரதம்தான் ஜூடித். புரட்டாசி சனிக்கிழமை. பிரிட்ஜிலேருந்து முட்டையைக்கூட எடுத்துட்டேன். 'பெருமாள் வந்து பிரிட்ஜை செக் பண்ணப்போறாராம்மா'ன்னு எம் பையன் செழியன் காலையிலேருந்து கிண்டல் பண்றான். நீங்க பயப்படாதீங்க. உங்க பொண்ணு முகத்தைப் பாருங்க, பட்டினி கிடக்கிற முகமா அது?"

அவள் சென்றபின் வைன்பர்க் மகளின் முகத்தைப் பார்த்தார். நவோமி ரொட்டியை உப்பில் தொட்டு மெல்ல உண்டாள். கண்களை மூடி, வாய்க்குள் ஏதோ இசைத்து இறைவனுக்கு நன்றி சொன்னாள். விருந்துண்டவர் முகத்திலும் அவர் அத்தகைய நிறைவைக் கண்டதில்லை. எந்த வேலையும் அற்ற ஒரு நாள், தம் வீட்டுக்குள் வந்து அமர்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. உரக்கப் பேசினால் அது எழுந்து போய்விடுமோ என்று மூச்சையும் அடக்கினார்.

நண்பகலில் ஜூடித் தயங்கித் தயங்கி வந்து, அவருக்கேனும் மதிய உணவை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள்.

வைன்பர்க் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இருட்டட்டும் ஜூடித். இன்னிக்கு நானும் திறக்கப் போறதில்லை," என்றார்.