பயந்த கைக்கு ஒரு பந்து

1.

பத்துக் கட்டைகளை நோக்கி உருட்டிவிடும் என் பௌலிங் பந்தின் கட்டைவிரல் துளையைச் சற்றுத் தேய்த்து வாங்கலாம் என்று, பந்துகளுக்குத் துளை போடும் டார்லா டூடெக்கின் கடைக்குப் போன இடத்தில் கிடைத்தது இந்தக் கதை. டொலீடோ, ஜனவரி, சனிக்கிழமை மதியம். டார்லா ஒரு புதுப் பந்தின்மேல் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். பக்கத்தில் அவளுடைய முன்னாள் கணவன் நார்ம் நகம் கடித்துக்கொண்டிருந்தான். இருவரும் சண்டை போடவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

2.

முதல் தொடக்கம்: ‘துளை விழுந்துவிட்டது. இனி நார்மை யாராலும்—’

வேண்டாம். வாரப் பத்திரிகைக்கு எழுதிய கை. முதல் வரியிலேயே பிணம் கேட்கிறது. இங்கே பிணம் கிடையாது. (ஒரு பந்து பிளந்தது. அது கணக்கில் சேருமா?)

நடந்ததையே சொல்கிறேன். முந்தைய நாள் அரையிறுதியில் தட்டுத்தடுமாறி ஜெயித்த நார்ம், பந்தைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். ராத்திரிக் குளிரில் அது விரல் துளைகளுக்கு நடுவே பிளந்துவிட்டது. மாநில அணியின் கடைசி இடத்துக்கான இறுதி ஆட்டம் அன்று மாலை. அடுத்த மாதம் அவனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை. அதன்பிறகு பந்து தூக்குவானா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

3.

இந்த இடத்தில் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவாரோ என்று உதறுகிறது. சுருக்கமாக முடிக்கிறேன். பந்துக்குள் கனமான கரு ஒன்று உண்டு. வீசுகிறவன் கையில் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அதற்கும் கருவுக்கும் உள்ள தூரத்தை வைத்துத் துளைகளுக்கு இடம் குறிப்பதுதான் லேஅவுட். அரை அங்குலம் தவறினால் பந்து வேறெங்கோ வளையும். தவறிய துளையை அடைக்கலாம். ஆனால் அடைத்தது இறுக ஒரு நாளாகும்.

டார்லா லேஅவுட் போட்டால் மூன்று மாவட்டத்துக்காரர்கள் அதைப் பார்த்துப் போடுவார்கள். அப்படிப்பட்டவள்தான் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“காலையில ஒரு பழைய பந்தை வீசிக் காட்டுனியே, அது யார் கை?”

“என் கைதான். வேற யார் கை?”

உடைந்த பந்தை நார்மின் பையிலிருந்து எடுத்தாள். பந்து உருளும் பாதையில் பூசிய எண்ணெய், அது சுழன்ற அச்சைக் காட்டிக்கொடுத்தபடி, அதன்மேல் வளையம் வளையமாய் அப்படியே இருந்தது. (வீசிய பந்தைத் துடைக்காமல் பையில் வைப்பது இந்த ஊரில் ஏறக்குறைய ஒழுக்கக்கேடு.)

“இது நேத்து நீ போட்ட கடைசி வீச்சு. வளையம் எங்க இருக்குன்னு பாரு. காலையில விழுந்தது இங்க. ரெண்டும் ரெண்டு ஆளுய்யா.”

“நேத்து கொஞ்சம் டென்ஷன்.”

“கொஞ்சமா? கட்டைவிரலை இறுக்கிப் பிடிச்சிருக்க. கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிச்ச மாதிரி.”

“அன்னிக்கு நீதான் இறுக்கின, தாயே.”

4.

முதல் வரைவில், டார்லா அவனிடம் எதுவும் சொல்லாமல் பயந்த கைக்கே துளை போடுகிறாள்; அவனும் ஜெயிக்கிறான். அரங்கம் அதிர்கி—

அடித்துவிட்டேன். அந்த டார்லா எனக்கு வசதியானவள். நான் கடையில் பார்த்தவள் கேட்டுவிட்டாள்:

“சாயந்திரம் எந்த நார்ம் வருவான்? நிதானமா இருக்கறவனா, நடுங்கறவனா? சொல்லு, அவனுக்குப் போடறேன்.”

நார்ம் என்னைப் பார்த்தான். நான் என் பந்தை மும்முரமாகத் துடைத்தேன்.

“நடுங்கறவன்தான்,” என்றான். “எப்பவும் அவன்தான் வந்திருக்கான். கடைசி வீச்சுன்னா எனக்குக் கையே தெரியாது. போடு.”

கருவி இறங்கியது. கருநீலத் துருவல் சுருண்டு சுருண்டு விழுந்தது.

5.

இங்கேயே முடித்திருக்கலாம். (என் மனைவியும் அதையே சொன்னாள்.) ஆனால் மாலை ஆட்டத்தில் நார்ம் ஒவ்வொரு வீச்சிலும் நடுங்கினான்; பந்து ஒவ்வொரு முறையும் சொன்ன இடத்தில் வளைந்தது. கடைசி வீச்சு மட்டும் பாக்கி. பத்துக் கட்டையும் விழுந்தால் இடம் அவனுக்கு.

அவன் பந்தைத் துடைத்தான். நின்றான். பிறகு திரும்பி டார்லாவைப் பார்த்து, சிரித்தான். தோள்கள் தளர்ந்திருந்தன.

டார்லா என் முழங்கையைப் பிடித்தாள்.

“ஐயோ, இவனுக்குப் பயம் போயிடுச்சு.”

6.

முடிவு ஒன்று: பத்தும் விழு—

முடிவு இரண்டு: ஓரத்தில் ஒரே ஒரு கட்டை, ஆடி, ஆடி—

இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் நான் நம்பவில்லை. டார்லா உதட்டுக்குள் “பயப்படுய்யா, பயப்படு” என்று முணுமுணுக்கிறாள். ஒருவன் பயப்பட வேண்டுமென்று யாரும் இப்படி உருகி வேண்டி நான் கேட்டதில்லை. நார்ம் முதல் அடி எடுத்து வைக்கிறான். அவனைப் பயமுறுத்த எங்கள் இருவர் பார்வை போதாது. நீங்களும் வாருங்கள். அவன் கையையே பாருங்கள். கண்ணை எடுக்காமல், அவனுக்கு உறைக்கும்படி, இன்னும் கொஞ்சம் உற்று.