பிணத்தின் தங்கை

லீட்ஸ் நகரத்தில் டெல்லா ஹார்கிரீவ்ஸைப் போல அம்சமாகச் செத்துக் கிடக்க வேறு ஆள் கிடையாது. மார்பு அசையாமல் மூச்சை அடிவயிற்றிலேயே ஓட்டும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர்களுக்குக் குறைவில்லை. தொடருக்கு ஒரு பிணமாவது வேண்டும். வேறு வேடம் கேட்டுப் போனால், இது ஐம்பது தாண்டிய பெண்களின் காலம் என்று எல்லாரும் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே பெயர் வாங்கிய நாலு நடிகைகளையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். டெல்லாவுக்கு வாய்க்கால் கரை, இல்லாவிட்டால் சவக்கிடங்கு மேசை.

அந்த மார்ச்சில் வாய்த்தது மேசை. விளக்குகளைச் சரிசெய்ய நேரம் பிடித்தது. எழுந்து போனால் ஒப்பனை கலையும் என்று அப்படியே படுத்திருந்தாள். தயாரிப்பாளர் இமோஜனும் எழுத்தாளர் ஃபெர்கஸும் அவள் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டு, பிணத்துக்குக் காது கேட்காது என்பதைப் போலப் பேச ஆரம்பித்தார்கள். தொடரை வாங்கிய ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்குக் கடைசிப் பகுதி பிடிக்கவில்லையாம். இரண்டாவது சீசனுக்கு ஆட்களை இழுக்கும்படி ஒரு திருப்பம் வேண்டுமாம். ஃபெர்கஸ் தலையைச் சொறிந்தான். டெல்லா கண்ணை மூடிக்கொண்டே யோசித்தாள்.

காட்சி முடிந்ததும் ஒப்பனை அறையில் அவள் உதட்டு நீலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ப்ரியனி. தங்கமான பெண், ஆனால் ஒரு ரகசியம் அவள் வயிற்றில் ஒரு டீ குடிக்கும் நேரம்கூடத் தங்காது.

"ஏன்டீ, நான் முடி வெட்டிக்கலாமா கூடாதான்னு யார்கிட்ட கேக்கணும்?" என்று டெல்லா ஆரம்பித்தாள்.

"செத்துப்போனவளுக்கு முடியைப் பத்தி என்ன கவலை?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. வெளிய பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். செத்தவளுக்கு இரட்டைத் தங்கச்சி ஒருத்தி இருந்தா, அவளுக்கும் இதே முடிதானே இருக்கணும்?"

அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. அந்தக் கையெழுத்தைச் சமையல் வண்டிக்காரர் வரைக்கும் எல்லாரிடமும் வாங்கியிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் ஜாஸ்பர் பென்ஹாலோவின் காதுக்குப் போய்விட்டது. துப்பறியும் அதிகாரியாக நடிப்பவன் அவன். தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஃபெர்கஸிடம் போய், இரட்டைத் தங்கச்சி விஷயத்தைத் தன்னிடம் ஏன் மறைத்தார்கள் என்று கேட்டான். ஃபெர்கஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனக்குத் தெரியாமல் இமோஜன் முடிவு செய்துவிட்டாள் என்று நினைத்தான். தெரியாது என்று சொன்னால் எழுத்தாளனுக்கு என்ன மரியாதை? "எழுதிக்கிட்டுதான் இருக்கேன்" என்றான். அதைக் கேள்விப்பட்ட இமோஜன், நிறுவனத்தார் தன்னைத் தாண்டி ஃபெர்கஸிடம் பேசிவிட்டார்கள் என்று குமைந்தாள். விட்டுக்கொடுக்காமல் லண்டனில் இருக்கும் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, தங்கச்சி விஷயம் நன்றாக வருகிறது என்றாள். அங்கே இருந்தவர்கள், ஏதோ ஒரு கூட்டத்தில் தாங்கள் கவனிக்காமல் விட்டது போலிருக்கிறது என்று பயந்து, தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அதுதான் பிடித்தது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் இமோஜன் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"டெல்லா, நீங்க உயிரோட நடிச்சிருக்கீங்களா?"

"நாடக மேடையில நெறைய நடிச்சிருக்கேங்க. அங்க செத்தாலும் கடைசியில எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும்."

இமோஜன் சிரிக்கவில்லை. ஒரு காட்சியைப் படித்துக் காட்டச் சொன்னாள். வதந்தி கதவுவரை கொண்டுவந்து விட்டுவிட்டது. உள்ளே போவது அவள் பாடு. எதிரே ஜாஸ்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று காகிதத்தில் இருந்த கேள்வியைக் கேட்டான். டெல்லா காகிதத்தைக் கீழே வைத்தாள். அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் கண்ணை மூடிக் கிடந்தவளின் பார்வை அது. ஜாஸ்பர் தன் அடுத்த வசனத்தை மறந்துபோனான். அறையில் யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

கடைசிப் பகுதியின் முடிவில் தங்கை ரயிலை விட்டு இறங்கியபோது நாடே பேசியது. இரண்டாவது சீசனில் டெல்லா பெயர் முதலில் வந்தது. ஜாஸ்பர் பெயர் அதற்குக் கீழே. அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு, அந்தப் பார்வையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டு அவனே வந்தான்.

ஃபெர்கஸுக்குச் சிறந்த எழுத்தாளர் விருது கிடைத்தது. குளித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தங்கை தன் மனக்கண்ணில் தோன்றினாள் என்று மேடையில் சொன்னான். விருந்தில் தன் மனைவியிடம் டெல்லாவை அழைத்துப் போய், "இவங்க முழுக்க முழுக்க என் கற்பனையில பிறந்தவங்க" என்று அறிமுகப்படுத்தினான்.

"பிரசவம் ரொம்பச் சிரமமா இருந்திருக்குமே" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, டெல்லா இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள்.